வரைபட வயரில் விழும் குறுக்குக் கோடுகள்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் ரெவிற் (Revit) என்ற கட்டட வரைபட மென்பொருளில் வயரிங் பிளான் கீறி அனுப்பியிருக்கிறாராம். லைற்றுக்கு லைற் வளைவாகக் கோடு போகிறது. கோட்டுக்குக் குறுக்கே சின்னச் சின்னக் கீறல்கள், சில இடங்களில் அம்புக்குறி. வயர்மன் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, வயரை இப்படி வளைச்சு வளைச்சே இழுக்கிறது?" என்று கேட்டாராம். அவருக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் வாசகரின் கேள்வி.

வயர்மன் வழக்கம்போல நேராகவே இழுக்கலாம். அந்த வளைவு வயர் போகும் பாதையே அல்ல. எது எதோடு சேர்ந்த மின்சுற்று என்பதைத்தான் அது சொல்கிறது.

ரெவிற்றை 1997இல் தொடங்கிய ஒரு சிறிய அமெரிக்க நிறுவனம் உருவாக்கியது. 2002இல் ஓட்டோடெஸ்க் என்ற மென்பொருள் நிறுவனம் அதை வாங்கியது. அதில் சுவர் கீறினால் அது வெறும் இரண்டு கோடு அல்ல. உயரம், தடிப்பு, சீமெந்துப் பூச்சு எல்லாம் உள்ள முழுச் சுவர். லைற், சுவிச், டிபி போட் (வீட்டுக்கு வரும் மின்சாரத்தைச் சுற்றுகளாகப் பிரிக்கும் பெட்டி) எல்லாமே அப்படித்தான், முப்பரிமாணத்தில் நிற்கும். வயர் மட்டும் விதிவிலக்கு. அது கீறப்பட்ட அந்த ஒரு வரைபடத்தில்தான் இருக்கும். முப்பரிமாணத் தோற்றத்துக்குப் போய்த் தேடினால் கிடைக்காது. வயர்க் கோடு முழுவதையும் அழித்தாலும் மின்சுற்று அப்படியே இருக்கும். எந்த லைற் எந்த பிரேக்கரில் இருக்கிறது, எவ்வளவு வாற்று, எத்தனை வோல்ற் என்ற கணக்கெல்லாம் மென்பொருளின் உள்ளே பத்திரமாக இருக்கும். அந்தக் கணக்கை மனிதக் கண்ணுக்குக் காட்டுவதற்காகப் போட்ட குறிப்புத்தான் வயர்.

குறிப்பு என்பதால் அதன் தோற்றத்தை நாமே தீர்மானிக்கலாம். மனேஜ் பகுதியில் எலெக்ட்ரிக்கல் செற்றிங்ஸ் என்று ஓர் இடம் இருக்கிறது, அதற்குள் வயரிங். பெரும்பாலானோர் அந்தப் பக்கம் போவதேயில்லை. மென்பொருளோடு வந்த அமைப்பை அப்படியே விட்டுவிட்டுப் பிளானை அச்சடிக்கிறார்கள். வேலைத்தளத்தில் நிற்கிற மனிதன் வாசிக்கப்போகிற தாளை இப்படி அனுப்புவது பொறுப்பான வேலை அல்ல என்பது என் உறுதியான கருத்து.

கோட்டின் வடிவத்துக்கும் ஓர் அர்த்தம் உண்டு. வளைந்த கோடு என்றால் வயர் சுவருக்குள்ளோ கூரைக்குள்ளோ தரைக்குள்ளோ மறைந்து போகிறது. மூலை வெட்டிய நேர்கோடு என்றால் வெளியே தெரிகிறபடி ஓடுகிறது. வழக்கம் இதுதான். யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகளில் மரச்சட்டத்தில் கிளிப் அடித்து ஓடும் வயரிங்கை வரைந்தால் அது இரண்டாவது வகை. புதிய வீட்டில் சுவரைக் கொத்திப் பிவிசி குழாய் பதித்தால் முதல் வகை. வளைவால் இன்னொரு வசதியும் இருக்கிறது. சுவரும் உத்திரமும் கதவு நிலையும் நேர்கோடாக நிறைந்திருக்கும் தாளில் வளைந்த கோட்டைக் கண் உடனே பிரித்துப் பார்த்துவிடும்.

அம்புக்குறி, கோட்டின் ஒரு முனை எந்தக் கருவியிலும் முடியாமல் டிபி பக்கம் திரும்புகிற இடத்தில் வரும். பஸ்ஸின் முகப்பில் பருத்தித்துறை என்று எழுதியிருப்பது போல, போய்ச் சேருமிடத்தை மட்டும் சொல்லும். டிபி வரை கோடு இழுத்தால் ஒரு வீட்டின் பத்துப் பன்னிரண்டு சுற்றும் ஓரிடத்தில் குவிந்து தாளே கறுத்துவிடும். ஒரே குழாயில் பல சுற்று போனால் அத்தனை அம்புத் தலைகள் போடும் வழக்கமும் உண்டு.

இனி அந்தக் குறுக்குக் கோடுகள். முழுப் பிளானிலும் எனக்கு மிகவும் பிடித்தது இவைதான்.

ஒரு வளைகோடு என்பது ஒரு வயர் அல்ல, ஒரு குழாய்க்குள் போகும் வயர்க் கூட்டம். அதற்குள் எத்தனை கடத்தி, என்னென்ன வகை என்பதைக் குறுக்குக் கோடுகள் சொல்கின்றன. லைவ்வுக்கு (மின்சாரம் வரும் வயர்) ஒரு குறி, நியூற்றலுக்கு (அது திரும்பிப் போகும் வயர்) ஒன்று, எர்த்துக்கு (பாதுகாப்புக்காக நிலத்தோடு சேர்க்கும் வயர்) ஒன்று. அமெரிக்க வழக்கில் பெரும்பாலும் லைவ்வுக்குக் குட்டைக் கோடு, நியூற்றலுக்கு நெட்டைக் கோடு. மூன்று குறிகளும் தனித்தனிச் சிறு கோப்புகள். எடிற்றரில் திறந்து எப்படி வேண்டுமானாலும் கீறிக்கொள்ளலாம். எர்த்தைத் தனிக் குறியாகப் போடாமல், மற்றக் குறிகளை ஊடறுத்துப் போகும் ஒரு சாய்கோடாகக் காட்டவும் ஒரு தெரிவு உண்டு. குறிகளை எல்லா வயரிலும் காட்டலாம், டிபிக்குப் போகும் வயரில் மட்டும் காட்டலாம், ஒன்றிலும் காட்டாமலும் விடலாம்.

இவற்றை ஒருவர் எண்ணி எண்ணிப் போடுவதில்லை, சுற்றின் கணக்கிலிருந்து தாமாகவே வருகின்றன. 230 வோல்ற் தனிக்கலை (சிங்கிள் பேஸ்) சுற்று என்றால் மென்பொருள் ஒரு லைவ், ஒரு நியூற்றல், ஓர் எர்த் என்று முடிவெடுத்து மூன்று குறி போடும். மும்முனை (த்ரீ பேஸ்) மோட்டர் என்றால் லைவ் மூன்றாகிவிடும். சுற்றை மாற்றினால் தாளில் குறியும் மாறும்.

ஆனால் சுவிச்சுக்கு இறங்கும் வயரைக் கவனியுங்கள். டிபியில் இருந்து லைவ்வும் நியூற்றலும் வருகின்றன. நியூற்றல் நேரே லைற்றுக்குப் போகும். லைவ் மட்டும் சுவிச்சுக்கு இறங்கி, சுவிச்சைக் கடந்து, திரும்ப லைற்றுக்கு ஏறும். ஆகவே சாதாரண வயரிங்கில் சுவிச் பெட்டிக்குள் இருக்கும் இரண்டு வயரும் லைவ் குடும்பம்தான், நியூற்றல் அங்கே இல்லை. எர்த்தோடு சேர்த்து எண்ணினால் மூன்று. மென்பொருளும் மூன்று குறிதான் போட்டிருக்கும், ஆனால் அதன் மூன்று ஒரு லைவ், ஒரு நியூற்றல், ஓர் எர்த். எண்ணிக்கை சரி, வகை பிழை. எண்ணிப் பார்த்துச் சரி என்று விட்டுவிடுகிற ஆளிடம் இந்தப் பிழை பிடிபடாது.

மாடிப்படி லைற்றில் இது இன்னும் அழகாகத் தெரியும். கீழே ஒரு சுவிச், மேலே ஒரு சுவிச், எதைத் தட்டினாலும் லைற் மாறவேண்டும். ஒவ்வொரு சுவிச்சிலும் மூன்று முனைகள். பொது முனை, உள்ளே இருக்கும் நாக்கின் நிலையைப் பொறுத்து மற்ற இரண்டில் ஒன்றைத் தொட்டுக்கொண்டு நிற்கும். லைவ் கீழ்ச் சுவிச்சின் பொது முனைக்கு வருகிறது. அங்கிருந்து இரண்டு வயர்கள் மேல் சுவிச்சின் இரண்டு முனைகளுக்கு ஓடுகின்றன. மேல் சுவிச்சின் பொது முனையிலிருந்து லைற்றுக்கு. இரண்டு நாக்குகளும் ஒரே வயரைத் தொட்டால் லைற் எரியும். ஒன்று முதலாவதையும் மற்றது இரண்டாவதையும் தொட்டால் அணையும். எரியும் நிலையில் எந்தச் சுவிச்சைத் தட்டினாலும் உடன்பாடு குலையும், இன்னொரு தட்டில் திரும்ப வரும். இரண்டு சுவிச், இரண்டு வயர், அவ்வளவுதான். இந்தக் காலத்திலும் இதைவிட எளிமையான தருக்கச் சுற்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் தருக்கப் படலையை (லொஜிக் கேற்) இதிலிருந்து தொடங்கிப் படிப்பிக்க வேண்டும் என்று நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்த இரண்டு சுவிச்சுக்கும் இடையில் லைவ் குறி இரண்டு வேண்டும், நியூற்றல் வேண்டாம். மென்பொருளுக்குச் சுற்று தெரியுமே தவிர நாக்கு எந்த முனையில் நிற்கிறது என்பது தெரியாது. வயரைத் தெரிவுசெய்து லைவ் எண்ணிக்கையைக் கூட்டி, நியூற்றல் எண்ணிக்கையைப் பூச்சியமாக்க வேண்டியது வரைபவரின் வேலை. அதற்கு வசதி இருக்கிறது, செய்ய ஆள்தான் குறைவு.

இதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், எங்கள் ஊரில் சிவப்பும் கறுப்பும் ஓடும் பழைய வயரிங் இன்னும் இருக்கிறது. 1990களில் பல வருடங்கள் குடாநாட்டில் மின்சாரமே இல்லை. ஆளில்லாத வீடுகளில் பழைய வயர் சுவரிலேயே கிடந்தது. அந்த முறையில் கறுப்பு என்றால் நியூற்றல். ஆனால் சுவிச்சுக்கு இறங்கிய இரட்டை வயரிலும் ஒன்று கறுப்புத்தான், அங்கே அது லைற்றுக்கு ஏறும் லைவ். லைற் அணைந்திருக்கும்போது சோதித்தால் செத்த வயர் மாதிரி இருக்கும். யாரோ சுவிச்சைத் தட்டினால் 230 வோல்ற். பிரித்தானியாவில் 2006 ஏப்ரலில் பழுப்பு-நீலம் கட்டாயமானது. அந்தப் புது முறையில் நீலம் நியூற்றல், மும்முனையில் கறுப்பு ஒரு கலை (பேஸ்), அதாவது லைவ். பழைய மும்முனை முறையில் நீலம் ஒரு கலை, கறுப்பு நியூற்றல். அப்படியே தலைகீழ். மச்சான் இருக்கும் கனடாவில் கறுப்பு லைவ், வெள்ளை நியூற்றல். இவ்வளவு குழப்பத்துக்கு நடுவே நிறத்தை நம்பி வேலை செய்ய முடியாது. தாளில் குட்டைக் கோடு இரண்டு நின்றால், நிறம் எதுவாக இருந்தாலும் இரண்டும் லைவ் என்று வயர்மனுக்குத் தெரியும்.

வரைபடத்தில் நிறம் கொடுப்பதிலும் இதே கவனம் வேண்டும். சுற்று வகைக்கு ஒரு வயர் வகை உண்டாக்கி, பில்ற்றர் போட்டு, லைற் சுற்று பச்சை, பிளக் சுற்று சிவப்பு என்று காட்டலாம். திரையில் நன்றாக இருக்கும். ஆனால் வேலைத்தளத்துக்குப் போவது பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் பிரதி. அதில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல்தான். ஆகவே நிறத்தோடு கோட்டு வகையையும் மாற்றுங்கள்: ஒன்று முழுக்கோடு, ஒன்று முறிகோடு. இரண்டு வயர்கள் குறுக்கிடும் இடத்தில் ஒன்றில் சிறு இடைவெளி விடும் அமைப்பும் இருக்கிறது. இடைவெளி இருந்தால் சந்திப்பு இல்லை, தாண்டிப் போகிறது என்று அர்த்தம். எந்த வயரில் இடைவெளி விழ வேண்டும் என்பதையும் வயரை முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளி முடிவுசெய்யலாம். குறி, இடைவெளி இரண்டும் தாளின் அளவில்தான் கணிக்கப்படும். 1:50இல் அச்சடித்தாலும் 1:100இல் அச்சடித்தாலும் குறுக்குக் கோடு ஒரே நீளம்.

எந்தக் குறி என்ன என்று சொல்லும் அட்டவணையைத் தமிழில், தாளின் ஓரத்திலேயே போடுங்கள். தொழில்நுட்பக் கல்லூரிகளில் வரைய மட்டும் படிப்பிக்காமல், வேலையில் இருக்கும் வயர்மன்மாருக்கு வரைபடம் வாசிக்க மாலை வகுப்பு வைத்தால் நல்லது. புதிய கட்டடங்களுக்கு ஒதுக்கும் பணத்தில் சிறு துண்டு போதும். கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடமே இருக்கிறது, ஆசிரியருக்கா பஞ்சம்?

சரி, வளைவு பாதை இல்லை என்றால் வயரின் நீளம் எப்படிக் கிடைக்கிறது? மென்பொருள் கோட்டை அளப்பதே இல்லை. கருவிக்குக் கருவி கிழக்கு-மேற்குத் தூரம், வடக்கு-தெற்குத் தூரம், உயர வித்தியாசம் மூன்றையும் கூட்டுகிறது. சுவருக்குள் குழாய் செங்கோணமாகத்தான் திரும்பும் என்பதால் இது நேர்கோட்டுத் தூரத்தைவிட உண்மைக்குக் கிட்ட வரும். பிந்திய பதிப்புகளில் பாதையைக் கையாலும் திருத்தலாம்.

இந்த நீளத்தை வைத்து ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும். வாஸ்துப்படி டிபி போட் அக்கினி மூலையில்தான் (தென்கிழக்கு) இருக்கவேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் கூடிவிட்டார்கள். கிணறு ஈசான மூலையில் (வடகிழக்கு). நாலு பரப்புக் காணியில் அக்கினி மூலைப் போட்டிலிருந்து கிணற்றடி மோட்டருக்குச் செங்கோணமாக அளந்தால் 45 மீற்றர்கூட வரலாம். போட்டை வீட்டின் பின்பக்கம் வைத்தால் 25 மீற்றரில் முடிகிற வேலை. 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் ஒரு மீற்றருக்கு, ஓர் அம்பியருக்கு 29 மில்லிவோல்ற் விழும். 6 அம்பியர் எடுக்கும் மோட்டருக்கு 25 மீற்றரில் 4.4 வோல்ற், 45 மீற்றரில் 7.8 வோல்ற். இலங்கையில் 230 வோல்ற் 6 வீதம் வரை கூடிக் குறையலாம். பின்னேரம் எல்லா வீட்டிலும் மோட்டர் ஓடும் நேரம் 216 வோல்ற்றுதான் வருகிறது என்று வையுங்கள். அதில் 7.8 போனால் மோட்டருக்கு 208. இப்படியான தூண்டல் மோட்டரின் முறுக்குவிசை (சுழற்றும் பலம்) வோல்ற்றின் வர்க்கத்தோடு மாறும். 230இல் கிடைப்பதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. மோட்டர் தொடங்கும் கணத்தில் மின்னோட்டம் பல மடங்கு என்பதால் வீழ்ச்சி இன்னும் கூடும். உறுமிக்கொண்டு நின்று சுருள் கருகுவது இப்படித்தான்.

போட்டின் இடத்தைச் சுமை எங்கே கூடுதல் என்று பார்த்து முடிவுசெய்வதே சரி. இல்லை, அக்கினி மூலைதான் என்று வீட்டில் பெரியவர்கள் நின்றால், மோட்டருக்கு மட்டும் 4 சதுர மில்லிமீற்றர் வயர் போடுங்கள். அதில் மீற்றருக்கு அம்பியருக்கு 11 மில்லிவோல்ற்றுதான் விழும், 45 மீற்றருக்கு 3 வோல்ற். 1.5க்குப் பதில் 4 என்றால் ஒவ்வொரு கடத்தியிலும் செப்பு இரண்டரை மடங்குக்கு மேல், அந்தச் செலவு வாஸ்துக் கணக்கில் எழுதப்பட வேண்டும்.