மோட்டார் யாட்: சொல்லும் சண்டௌனரும்

யாட்-னா பணக்காரங்க கடல்ல பொழுதுபோக்கற படகுன்னுதான் எல்லாருக்கும் தோணும், நம்ம பத்திரிகைகள்லயும் உல்லாசப் படகு, சொகுசுப் படகுன்னுதான் எழுதுறாங்க. ஆனா சொல்லு பொறந்த எடத்துல உல்லாசமே கிடையாது. டச்சு மொழில 'யாஹ்ட்'னா வேட்டை, தொரத்திப் பிடிக்கிறது. 16ஆம் நூற்றாண்டுல அவங்க ஆழம் கம்மியான கடலோரத் தண்ணில எதிரிகளையும் கடல்கொள்ளைக்காரங்களையும் வெரட்ட ஓட்டின வேகமான சின்னக் கப்பலுக்குத்தான் அந்தப் பேரு. 1660ல இரண்டாம் சார்லஸ் இங்கிலாந்துக்கு ராஜாவா திரும்பினப்ப ஆம்ஸ்டர்டாம்காரங்க 'மேரி'ன்னு ஒரு யாட்டைப் பரிசா குடுத்தாங்க, அவருக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போய் அரண்மனைக்காரங்க வெளையாட்டா ஆயிடுச்சு, அங்கேர்ந்துதான் அர்த்தம் உல்லாசத்துப் பக்கம் திரும்புச்சு. எழுத்து டச்சு மாதிரியே நின்னுடுச்சு, இங்கிலீஷ்காரங்க வாய்ல மட்டும் 'யாட்'.

மோட்டார் யாட்-னா பாயை நம்பாம எஞ்சின்ல ஓடறது. இந்தச் சொல்லுக்கு உல்லாசப் படகு ஏன் பத்தாதுன்னு புரியணும்னா சண்டௌனர் கதையைப் பாக்கணும்.

1912ல பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கட்டின 58 அடி மரப்படகு அது, அப்ப நீராவில ஓடுச்சு. 1929ல சார்லஸ் லைட்டோலர் அதை வாங்கி மோட்டார் யாட்டா மாத்தினார், டைட்டானிக்ல செகண்ட் ஆபீசரா இருந்து உயிர் பொழைச்ச அதே லைட்டோலர்தான். பேரு வச்சது ஆஸ்திரேலியாவைச் சேந்த அவர் மனைவி சில்வியா, அங்க சண்டௌனர்னா பொழுது சாயற நேரத்துல பண்ணைக்கு வந்து சாப்பாடும் எடமும் கேக்கற நாடோடி. 1939 ஜூலைல, இரண்டாம் உலகப் போர் வர்றதுக்கு முன்னாடியே, ரெண்டு பேரும் கடற்படைக்காக ஜெர்மன் கரையோரத்தை இதே படகுல ரகசியமா நோட்டம் பாத்துட்டு வந்தாங்க.

1940 மே கடைசில பிரான்ஸ் கடலோர ஊரான டன்கர்க்ல ஜெர்மன்காரங்க சுத்தி வளைச்சு பிரிட்டிஷ், நேசநாட்டுப் படைங்க மாட்டிக்கிட்டப்ப கடற்படை படகைக் கேட்டுச்சு, யாராவது எடுத்துட்டுப் போறதா இருந்தா நானும் என் மூத்த பையனும்தான் போவோம்னு லைட்டோலர் சொல்லிட்டார், அப்ப அவருக்கு 66 வயசு. ஜூன் 1ஆம் தேதி காலைல மகன் ரோஜரும் சாரணர் பையன் ஒருத்தனும் கூட வர இங்கிலாந்துத் துறைமுகமான ராம்ஸ்கேட்லேர்ந்து கெளம்பினாங்க. வழில தீப்பிடிச்சு நின்ன 'வெஸ்டர்லி'ங்கற படகுல இருந்தவங்களை முதல்ல ஏத்திக்கிட்டாங்க, அப்புறம் டன்கர்க் போய் வீரர்களை உள்ள எறக்கி எறக்கி, அம்பது பேர் ஆனப்ப மேலேர்ந்து லைட்டோலர் கேட்டா இன்னும் நெறைய எடம் இருக்குன்னு ரோஜர் சொல்றான், எழுபத்தஞ்சுல நெருக்கமா இருக்குன்னு ஒத்துக்கறான், மிச்சப் பேரை மேல்தட்டுலயே படுக்க வச்சாச்சு. அதுவரைக்கும் 21 பேருக்கு மேல ஏத்தாத படகுல 130 பேர். திரும்பற வழில விமானம் சுட வரும்போது அது மூக்கைத் தூக்கற வரைக்கும் காத்திருந்து சுக்கானைச் சடார்னு திருப்பினார், விமானப்படைல இருந்து போர் தொடங்கின உடனே செத்துப்போன கடைசி மகன் பிரையன் முன்னாடி சொல்லிக்குடுத்த பாடம் அது. எனக்கு இந்த எடத்தைத் தாண்டிப் போகவே மனசு வர்றதில்ல.

மே 26லேர்ந்து ஜூன் 4 வரைக்கும் டன்கர்க்லேர்ந்து மொத்தம் 3,38,226 பேர் மீட்கப்பட்டாங்க. பெரும்பாலானவங்களைப் பெரிய கப்பல்கள்தான் கொண்டுவந்துச்சு, ஆனா கரையை ஒட்டி ஆழமில்லாத தண்ணில அதுங்களால வர முடியல, அங்கதான் இந்தச் சின்னப் படகுங்க வேலை. மரத்துக்குத் தனி மதிப்பும் இருந்துச்சு, ஜெர்மன்காரங்க கடல்ல போட்ட காந்தக் கண்ணிவெடி இரும்புக் கப்பலோட காந்தப்புலத்தை வச்சு வெடிக்கும், மரக்கூட்டுக்கு அந்த ஆபத்து ரொம்பக் கம்மி, கண்ணிவெடி அகற்றவும் மரப்படகுகளைத்தான் நெறைய எடுத்தாங்க.

இப்ப தமிழுக்கு வருவோம். உல்லாசம் வடமொழி, படகு நம்ம வழக்கு, சுற்றுலா செய்திக்கு 'உல்லாசப் படகு' போதும். ஆனா வேகத்தையும் வேட்டையையும் சேத்துப் புடிக்க 'விரைகலம்'ங்கறதுதான் என்னோட தேர்வு, கலம் சங்க காலத்துலேர்ந்தே இருக்கற சொல்லு, மரக்கலம்னும் சொல்றோம். மோட்டார் யாட்டுக்கு 'இயந்திர விரைகலம்'. போர்ல போன படகைப் பத்தி எழுதறவங்க தயவுசெஞ்சு அதை உல்லாசப் படகுன்னு மட்டும் எழுதாதீங்க, பழக்கமில்லாத சொல்லா இருக்கேன்னு தோணுச்சுன்னா வெறும் 'மோட்டார் படகு'ன்னே போடுங்க, தப்பே இல்ல.