ஒரு விளம்பர இடத்துக்கு நடக்கும் ஏலம்

ஒருவர் கைப்பேசியில் ஃபேஸ்புக்கையோ இன்ஸ்டாகிராமையோ திறந்து விரலால் தள்ளிக்கொண்டு போகும்போது, திரையில் வரவிருக்கும் ஒவ்வொரு விளம்பர இடத்துக்கும் ஓர் ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. பெரிய நிறுவனமும், வீட்டிலிருந்தபடியே தையல் தொழில் நடத்துபவரும் அந்த ஏலத்தில் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். கையில் பணம் அதிகம் உள்ளவரே வெல்வார் என்று பலர் நினைத்தாலும், கணக்கு அப்படி அமைக்கப்படவில்லை.

விளம்பரதாரர் தரத் தயாராக இருக்கும் தொகையை, அதைப் பார்க்கப்போகும் அந்தக் குறிப்பிட்ட நபர் விளம்பரதாரர் இலக்காக வைத்த செயலைச் செய்வதற்கான, எடுத்துக்காட்டாகப் பொருளை வாங்குவதற்கான, நிகழ்தகவால் பெருக்கி, விளம்பரத்தின் தரத்துக்கான மதிப்பையும் கூட்டியே, இவ்விரு தளங்களையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் ஏலம் வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்கிறது. ஒரு விற்பனைக்கு 100 தரத் தயாராக இருப்பவரின் விளம்பரத்தைப் பார்த்து அந்த நபர் வாங்க 1% வாய்ப்பு இருந்தால், பெருக்கினால் வருவது 1. வெறும் 40 தருபவரின் பொருளை அவர் வாங்க 4% வாய்ப்பு இருந்தால் வருவது 1.6. தரத்தில் இருவரும் சமம் என்று வைத்துக்கொண்டால், 40 சொன்னவரே வெல்கிறார்.

வென்றவர் தாம் சொன்ன தொகை முழுவதையும் தர வேண்டியதில்லை என்பது இதிலுள்ள இன்னொரு நுட்பம். இரண்டாம் இடத்தில் இருப்பவரின் விலையை வென்றவர் செலுத்தும் ஏல முறையைப் பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961-இல் ஆராய்ந்தார். அதன் விரிவான வடிவமே இங்கே அடிப்படை. கொள்கையளவில், நமது கணக்கில் வென்றவர் எதிராளியின் 1 என்ற மதிப்பை ஈடுகட்டினால் போதும்; 25-ஐ 4%-ஆல் பெருக்கினால் 1 வந்துவிடுவதால், விற்பனை ஒன்றுக்கு 25-தான் ஆகும்.

ஆக, எல்லாம் அந்த நிகழ்தகவைப் பொறுத்தது. ஒருவர் எந்தப் படத்தில் நின்று பார்த்தார், எதைச் சொடுக்கினார், கடையின் இணையதளத்தில் பொருத்தப்பட்ட பிக்சல் என்னும் சிறு நிரல் எதைப் பதிவு செய்தது என்பன போன்ற தடயங்களிலிருந்து இயந்திரம் அதை ஊகிக்கிறது. புதிய விளம்பரத்துக்குத் தடயம் குறைவு; அதனால் முதலில் கற்றல் காலம் ஒன்று வருகிறது. விளம்பரத் தொகுப்பு ஒன்று, அதாவது ஒரே இலக்கோடு சேர்த்து நடத்தப்படும் விளம்பரங்களின் குழு, அதைத் தாண்ட 7 நாளில் ஏறத்தாழ 50 முறை அந்த இலக்கு, இங்கே விற்பனை, நிறைவேற வேண்டியிருக்கும் என்பது மெட்டாவின் வழிகாட்டுதல். சிறு தொழில் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். வாரத்துக்கு 10 விற்பனையே நடக்கும் கடைக்காரர், இருக்கும் கொஞ்சப் பணத்தையும் ஐந்து தொகுப்புகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு விற்பனைகளே மிஞ்சும். பலன் தெரியவில்லையே என்று இரண்டு நாளுக்கு ஒருமுறை விளம்பரத்தைப் பெரிதாகத் திருத்தினால், கற்றல் மீண்டும் முதலிலிருந்து தொடங்கிவிடும்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் வழி, விற்பனைக்குப் பதிலாக அதைவிட அடிக்கடி நடக்கும் ஒன்றை, எடுத்துக்காட்டாக விசாரிப்புச் செய்தியை, இலக்காக வைப்பது. அதில் ஓர் ஆபத்து உண்டு. இயந்திரம் கேட்டதைக் கேட்டபடியே செய்யும்: லைக் வேண்டும் என்றால் எதற்கும் லைக் போடுபவர்களாகப் பார்த்துத் தேடிப்பிடிக்கும், அவர்கள் பொருளை வாங்குபவர்களாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. விற்பனைக்கு முந்தைய படியைத் தேர்ந்தெடுப்பதே மேல் என்பது என் கருத்து. லைக் அதிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறது.

விளம்பர அறிக்கையில் வரும் விற்பனை எண்ணிக்கையையும் அப்படியே நம்ப முடியாது. ஆப்பிள் நிறுவனம் 2021 ஏப்ரலில் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸின் 14.5 பதிப்பில், பிற செயலிகளிலும் தளங்களிலும் பயனரைப் பின்தொடர அவருடைய அனுமதி வேண்டும் என்று ஆக்கியபின், பல விற்பனைகள் கணக்கில் வராமலே போகின்றன. மறுபக்கம், விளம்பரம் இல்லாவிட்டாலும் வாங்கியிருக்கக்கூடிய பழைய வாடிக்கையாளரும் அதே எண்ணிக்கையில் சேர்ந்துவிடுகிறார். பண்டிகை, தள்ளுபடி எதுவும் குறுக்கிடாத இரண்டு வாரம் விளம்பரத்தை நிறுத்திவிட்டு, கல்லாவில் மொத்த விற்பனை எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால், அறிக்கை சொல்வதைவிட உண்மைக்கு நெருக்கமான ஓர் எண் கிடைக்கும்.