வெள்ளைக்கல் குவியலில் மரத்துக்கு முன் புல்

சேலத்தை அடுத்த கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் எடுத்த இடங்களில் கழிவுக் கல்லும் மண்ணும் குன்றாகக் குவிந்திருக்கின்றன. சேர்வராயன் மலை பச்சையாக நிற்க, அடிவாரத்தில் இவை மட்டும் மொட்டையாகக் கிடப்பது ஏன்?

வெள்ளைக்கல் என்பது மக்னீசியம் கார்பனேட். அது டியூனைட் என்ற பாறையின் வெடிப்புகளில் நரம்பு நரம்பாக ஓடுகிறது. கழிவாகக் கொட்டப்படுவது பெரும்பாலும் அந்த டியூனைட்தான். அதில் மக்னீசியம் மிக அதிகம். கால்சியம், தழைச்சத்து, மணிச்சத்து சொற்பம். நிக்கலும் குரோமியமும் கூடவே உண்டு. மக்னீசியம் மிகுந்தால் வேர் கால்சியத்தை எடுக்கத் திணறும். மண்துகள்களும் ஒட்டிப் பிடிக்காமல் கலைந்துவிடும். மழை விழுந்ததும் மேற்பரப்பு இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடி மண்ணை அரிக்கும். செடி வராததற்கும் மண் கரைவதற்கும் மூலம் ஒன்றே.

இதற்கு ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட், நல்ல மருந்து. அதிலுள்ள கால்சியம் மண்துகளில் ஒட்டிய மக்னீசியத்தைப் பெயர்த்துவிட்டு அந்த இடத்தில் அமர்கிறது. பெயர்ந்த மக்னீசியம் சல்பேட்டாகி நீரில் கரைந்து கீழே இறங்கும். அதற்குப் பதில் சுண்ணாம்பு போட்டால் ஏற்கெனவே காரமான மண்ணில் காரம் இன்னும் ஏறும். ஜிப்சத்தோடு தொழு உரமும் வேண்டும். நுண்ணுயிர் இல்லாத கல்தூளில் செடி நிலைப்பது கடினம்.

ஆனால் சரிவு அப்படியே இருந்தால் போட்டதெல்லாம் அடுத்த மழையில் ஓடைக்குப் போய்விடும். லாரியில் கொட்டிய கல் சுமார் 35 பாகைச் சரிவில்தான் நிற்கும். அதில் மண் தங்காது. முதலில் படிகளாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு படியும் மலைப்பக்கம் சற்றே சாய்ந்திருக்க, உள்ளோரத்தில் வடிகால் ஓட வேண்டும். படிகளுக்கு இடைப்பட்ட முகப்பில் தென்னை நார் வலை விரித்து முளை அடிப்பார்கள். மழைத்துளியின் அடியை அது வாங்கிக்கொள்ளும். வலை மக்குவதற்குள் புல் வேர்பிடித்துவிடும்.

அந்தப் புல் வெட்டிவேராக இருப்பது நல்லது. சம உயரத்தில் நெருக்கி நட்டால் வேலிபோல் அடர்ந்து, வழியும் நீரின் வேகத்தைக் குறைத்து வண்டலைப் பிடிக்கும். நல்ல மண்ணில் அதன் வேர் 3 மீட்டர் வரை நேராக இறங்கும். கல்லில் அவ்வளவு எதிர்பார்க்கக் கூடாது. பிறகு விராலி, ஆவாரை போன்ற வறட்சி தாங்கும் புதர்கள். வேம்பும் புங்கனும் படியின் சமதளத்தில் மட்டும். செங்குத்து முகப்பில் வளர்ந்த மரம் காற்றில் ஆடினால் கல்லையே தளர்த்திவிடும். நேராக மரக்கன்றில் தொடங்கும் பசுமைத் திட்டங்கள் இங்கே பலன் தராது என்றே நினைக்கிறேன்.

புல்லை ஆனி, ஆடியிலேயே நட்டுவிட வேண்டும். புரட்டாசி, ஐப்பசியில் கனமழை இறங்குமுன் வேருக்குச் சில வாரமாவது கிடைக்கும்.