சாகப்போற மாட்டுக்குக் கடைசியா என்ன ஊசி போட்டோம்?

மாட்டு டாக்டருக்கு வர்ற போன்ல பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். "சார், மாடு நேத்துலருந்து படுத்தே கெடக்குது, எழுப்பினா எந்திரிக்க மாட்டேங்குது, அசை போடல, ஏதாச்சும் ஊசி போட்டுப் பாருங்க சார்." போய்ப் பாத்ததுமே பல தடவ தெரிஞ்சிடும், இது தேறாதுன்னு. ஆனா வீட்டுக்காரங்க சுத்தி நிக்கிறப்ப சும்மா கைய வீசிட்டு வர முடியாது, மாடும் வலியில முனகிட்டுக் கெடக்கும், அதனால பாட்டில் ஏத்திட்டு வலிக்கு ஒரு ஊசியும் போட்டுட்டு வருவேன். மறுநாளோ அதுக்கு மறுநாளோ போன் வரும். சில நேரம் போனே வராது, அதுலயே விஷயம் தெரிஞ்சிடும்.

அந்த வலி ஊசியப் பத்திதான் இப்ப சொல்லப்போறேன்.

டைக்ளோஃபினாக் உங்களுக்கும் தெரிஞ்ச மருந்துதான், மூட்டுவலி முதுகுவலின்னு போனா மனுசனுக்குக் குடுக்குறது. 1990கள்ல இது மாட்டு வைத்தியத்துக்கும் பரவுச்சு. விலை கம்மி, காய்ச்சலும் வீக்கமும் சட்டுன்னு எறங்கும், மாட்டுக்காரருக்கும் சந்தோசம், ஊசி போட்டவருக்கும் நல்ல பேரு. அதே வருசங்கள்ல இந்தியாவுல செத்த மாட்டத் தின்னுற கழுகுங்க காணாமப் போக ஆரம்பிச்சுது. வெண்முதுகுக் கழுகுன்னு ஒரு இனம், 1992ல 1000 இருந்த எடத்துல 2007ல ஒண்ணே ஒண்ணு. அவ்வளவு வேகமா, பொட்டியத் தூக்கிட்டுப் போன மாதிரி ஒரு பறவை போச்சு.

முதல்ல எல்லாரும் ஏதோ வைரஸ்னுதான் நெனச்சாங்க. லிண்ட்சே ஓக்ஸ்னு ஒரு அமெரிக்கக் கால்நடை மருத்துவரும் அவரோட குழுவும் பாகிஸ்தான்ல செத்து விழுந்த கழுகுகள அறுத்துப் பாத்தாங்க. உள்ள ஈரல், இதயம்னு எல்லாத்து மேலயும் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையா படிஞ்சிருந்துச்சு. அது யூரிக் அமிலம். பறவைங்களுக்கு நம்மள மாதிரி யூரியா கெடையாது, கழிவு யூரிக் அமிலமாத்தான் கிட்னி வழியா வெளிய போகணும், கிட்னி கெட்டா அது ரத்தத்துலயே தேங்கி உறுப்பு மேல எல்லாம் படிஞ்சுடும். சரி, கிட்னிய எது கெடுத்துச்சு? வைரஸ் இல்ல, பூச்சிமருந்து இல்ல, ஈயம் மாதிரி உலோகம் இல்ல. அப்பதான் அவங்க ஒரு காரியம் பண்ணாங்க, எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச எடம் இதுதான், ஊர்ல இருக்குற மாட்டு டாக்டர்கிட்டயும் மருந்துக்கடையிலயும் போய் "நீங்க மாட்டுக்கு என்னென்ன குடுக்குறீங்க"ன்னு கேட்டாங்க. கிட்னியக் கெடுக்கக்கூடியது, கறி மூலமா வயித்துக்குப் போனாலும் வேலை செய்யக்கூடியதுன்னு சலிச்சுப் பாத்தா டைக்ளோஃபினாக் நின்னுச்சு. சுண்ணாம்பு படிஞ்ச 25 கழுகு ஒடம்புலயும் அந்த மருந்து இருந்துச்சு, வேற காரணத்தால செத்த 13ல ஒண்ணுலகூட இல்ல. 2004ல இது வெளிய வந்துச்சு.

இப்ப எங்க தொழில்ல இருக்குற சங்கடத்தப் பாருங்க. ஊசி போட்டுப் பொழச்சுக்கிட்ட மாட்டால ஒரு பிரச்சனையும் இல்ல, மருந்து சில நாள்ல ஒடம்ப விட்டுப் போயிடும். பொழைக்காத மாடுதான் கழுகுக்குச் சாப்பாடு. அந்த மாட்டுக்குத்தான் நாங்க கடைசி ரெண்டு நாள்ல, பாவம் வலிக்காம போகட்டும்னு, ஊசி மேல ஊசி போடுவோம். அதாவது எந்த மாட்டோட கறியில மருந்து இருக்கக்கூடாதோ கரெக்டா அதுலதான் இருக்கும். ஒரு செத்த மாட்டுக்குக் கூட்டமா எறங்குற பறவை, ஒரு ஒடம்பு போதும் பந்தியே சாய. கணக்குப் போட்டவங்க சொன்னது, 100 செத்த மாட்டுல ஒண்ணுக்கும் கொறைவா இந்த மருந்து இருந்தாலே இந்த அளவுக்கு அழிஞ்சிருக்கும்னு. கழுகு வருசத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும், குஞ்சு வளர்ந்து அது ஜோடி சேர அஞ்சு வருசம் கிட்ட ஆகும், கோழி மாதிரி அடுத்த வருசமே ஈடு கட்டுற ஜாதி இல்ல.

"பிணந்தின்னிக் கழுகு"ன்னு நாம திட்டுறதுக்குத்தான் அந்தப் பேர வச்சிருக்கோம். (வானத்துல வட்டம் போடுறதையெல்லாம் கழுகுன்னு காட்டுறாங்க, அதுல முக்காவாசி பருந்து. பழைய தமிழ்ல இதுக்குன்னே பாறுன்னு தனிப் பேர் இருக்கு, காட்டுப்பறவை பாக்குறவங்க இப்ப அதத்தான் சொல்றாங்க.) அந்தப் பிணந்தின்னி கூட்டமா எறங்கினா ஒரு மாட்ட ஒரு மணி நேரத்துக்குள்ள எலும்பாக்கிடும். அது வயித்துல இருக்குற அமிலம் நம்ம பேட்டரித் தண்ணி ரகம், அழுகின கறியில இருக்குற பல கிருமி அதோட முடிஞ்சுது. அது இல்லாமப் போனதும் செத்த மாடு நாய்க்கும் எலிக்கும் போச்சு, நாய் பெருகுச்சு, வெறிநாய்க்கடியும் கூடவே, அழுகினது வாய்க்கால்லயும் கலந்துச்சு. 2024ல வந்த ஒரு பொருளாதார ஆய்வு, முன்னாடி கழுகு நெறைய இருந்த மாவட்டத்தையும் இல்லாத மாவட்டத்தையும் ஒப்பிட்டு, 2000லருந்து 2005க்குள்ள மட்டும் ஏறக்குறைய 5 லட்சம் பேர் கூடுதலா செத்திருக்காங்கன்னு சொல்லுது. மாட்டுக்குப் போட்ட ஊசி எங்கருந்து எங்க போயிருக்குன்னு யோசிச்சுப் பாருங்க.

சட்டம் இல்லாம இல்ல. 2006லயே மாட்டுக்கு டைக்ளோஃபினாக் தடை. உடனே என்ன ஆச்சு, மனுசனுக்கு வர்ற பெரிய பாட்டில வாங்கி மாட்டுக்குப் போட்டாங்க. 2015ல மனுச ஊசிய 3 மில்லிக்கு மேல ஒரே குப்பியில விக்கக்கூடாதுன்னாங்க, மாட்டுக்குன்னா அத வரிசையா ஒடச்சுக்கிட்டே இருக்கணும், கட்டுபடியாகாது, அதான் யோசனை. மருந்துக் கம்பெனிக்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க, 2017ல மெட்ராஸ் ஹைகோர்ட் தடை சரின்னுடுச்சு. அப்புறம் 2023ல கழுகுக்கு இதே மாதிரி கெடுதல் பண்ற வலிமருந்துங்க கீட்டோப்ரோஃபெனும் அசெக்ளோஃபினாக்கும் மாட்டுக்குத் தடை, 2024 கடைசியில நிமிசுலைடும். அசெக்ளோஃபினாக் கூத்து தனி, அது மாட்டு ஒடம்புக்குள்ள போனதும் டைக்ளோஃபினாக்காவே மாறிடும், பேர மட்டும் மாத்தி அதே வெசத்த வித்த கணக்கு. ஒண்ணத் தடை பண்ணா அடுத்தது கடை அலமாரியில வந்து நிக்குது, கழுகு கூட்டத்துல போட்டுப் பாத்த பிறகுதான் நமக்குத் தெரியுது, இந்த வரிசையே தலைகீழா இருக்குன்னு எனக்குத் தோணும். மாட்டுக்கு விக்குறதுக்கு முன்னாடியே பாத்திருக்கணும்.

மாத்து மருந்து இல்லாம இருந்தா நானே வாய மூடிட்டு இருந்திருப்பேன், மாட்ட வலியில விட முடியாதுல்ல. மெலாக்சிகாம் இருக்கு, கழுகுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு 2006லயே காட்டிட்டாங்க, டோல்ஃபினாமிக் ஆசிடும் அப்படித்தான். என் பையில வலிக்கு மெலாக்சிகாம் மட்டும்தான். "அது கொஞ்சம் லேட்டா கேக்கும் டாக்டர்"னு ஊசி போடுற ஆளுங்க சொல்வாங்க, மடிநோய், கால் வீக்கம், கன்னு போட்ட பிறகு வர்ற காய்ச்சல்னு எல்லாத்துக்கும் நான் இத வச்சுத்தான் ஓட்டுறேன், எனக்கு அப்படித் தெரியல. நீங்க செய்ய வேண்டியது சின்ன வேலை, ஊசி போட வர்றவர் யாரா இருந்தாலும் பாட்டில வாங்கிப் பேரப் படிங்க. இன்னொண்ணு, சிறுத்தையோ புலியோ அடிச்ச மாட்டு மேல ஆத்திரத்துல குருணையா வர்ற பூச்சிமருந்து தடவி வைக்கிறது. சிறுத்தை வருதோ இல்லையோ, கழுகு வந்துடும்.

ஒரு பெரியவர் கேட்டாரு, "எங்க பக்கம் கழுகே கெடையாது தம்பி, எந்த ஊசி போட்டா என்ன?" நான் சொன்னேன், அது ஒரு நாள்ல நூறு கிலோமீட்டர்கூட சுத்தும் ஐயா, எங்க எறங்கும்னு நாம சொல்ல முடியாது. அவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சின்ன வயசுல மாடு உரிக்கிற மேட்டுல பெருசு பெருசா உக்காந்திருக்கும், கல்லெறிஞ்சாலும் நவுறாதுன்னாரு. எந்திரிச்சுப் போய் எறவானத்துல சொருகி வச்சிருந்த பாதி பாட்டில எடுத்துட்டு வந்து, "கண்ணு சரியாத் தெரியல, இது அதுவான்னு பாருங்க"ன்னு நீட்டினாரு.

கீட்டோப்ரோஃபென். எப்பவோ யாரோ போட்டுட்டு மிச்சம் வச்சிட்டுப் போனது.