ஒரே பெட்டிக்குள் இரண்டு மின்சாரம்

கனடாவில் கோடை தொடங்கினால் யாழ்ப்பாணத்துக் கைபேசிகளுக்கு ஒரு புதுவகைப் படம் வரத் தொடங்கும். ஏரிக்கரையில் நிறுத்திய கேம்பர் ட்ரெயிலர், அதாவது காரின் பின்னால் இழுத்துச் செல்லும் சின்ன வீடு. அதன் உள்ளே முழங்கால் உயரத்தில் ஒரு சின்னக் கதவு. கதவுக்குப் பின்னால் ஒரு வரிசை கறுப்புக் கைப்பிடிகளும் இன்னொரு வரிசை நிறம் நிறமான பிளாஸ்டிக் துண்டுகளும். விளக்கு எரிகிறது, மைக்ரோவேவ் ஓடவில்லை, எதைத் தட்டுவது என்று மருமகன் கேட்டிருப்பார். வயரிங் வேலை தெரிந்த மாமா ஒருவர் இல்லாத குடும்பம் இங்கே குறைவு. ஆனால் அந்த மாமாவையும் இந்தப் பெட்டி முதலில் குழப்பும். நமது வீட்டு மின்பலகையில் ஒரு மின்சாரம்தான் உண்டு. இதில் இரண்டு.

கறுப்புக் கைப்பிடிகள் 120 வோல்ற் ஆடலோட்டத்துக்கு (ஏசி) உரிய பிரேக்கர்கள். முகாமிடத்துக் கம்பத்தில் தடித்த வயரைச் சொருகினால் வருகிற மின்சாரம் அது. பல ட்ரெயிலர்களுக்கு 30 அம்பியர் இணைப்பு. 120ஐ 30ஆல் பெருக்கினால் 3600 வாற். குளிரூட்டியும் மைக்ரோவேவும் கேத்தலும் தலா 1500 வாற் அளவில் இழுத்தால் மூன்றும் சேர்ந்து அந்த எல்லையைத் தாண்டிவிடும். தேநீர் நேரத்தில் பிரதான பிரேக்கர் விழுந்தால், பழுதைத் தேடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

நிறத் துண்டுகள் 12 வோல்ற் நேரோட்டத்தின் (டிசி) பியூஸ்கள். பற்றரியிலிருந்து வரும் இந்த மின்சாரத்தில் விளக்குகள், தண்ணீர்ப் பம்பி, சூடாக்கியின் காற்றாடி, குளிர்சாதனப் பெட்டியின் கட்டுப்பாட்டு அட்டை ஆகியவை இயங்குகின்றன. இரண்டு உலகங்களுக்கும் நடுவே கன்வேர்ட்டர் நிற்கிறது. அது 120 வோல்ற்றை வாங்கி ஏறக்குறைய 13.6 வோல்ற் நேரோட்டமாக்கி, பற்றரியை ஏற்றிக்கொண்டே விளக்குகளையும் எரிக்கிறது. கன்வேர்ட்டருக்குப் போகும் பிரேக்கர் விழுந்தால் உடனே எதுவும் நிற்காது. விளக்குகள் பற்றரியின் தயவில் எரிந்துகொண்டிருக்கும். ஓரிரு இரவுகளில் மங்கும். பற்றரி செத்துவிட்டது என்று முடிவுகட்டிப் புதிது வாங்கப் போவதற்கு முன் அந்த ஒரு கைப்பிடியைப் பார்த்துவிட வேண்டும்.

மின்சாரமே இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட ஊருக்குக் குறைந்த வோல்ற் மின்சாரம் புதிதல்ல. அந்தப் பழக்கத்தால் வந்த ஒரு தப்பெண்ணமும் நம்மிடம் உண்டு: 12 வோல்ற் ஒன்றும் செய்யாது என்பது. ஆளைத் தாக்காது என்பது பெரும்பாலும் சரி. தீ வைக்கும் விடயத்தில் 230 வோல்ற்றுக்கு அது சளைத்ததல்ல. 60 வாற் கருவி ஒன்று 230 வோல்ற்றில் கால் அம்பியர் அளவே இழுக்கும். 12 வோல்ற்றில் 5 அம்பியர் இழுக்கும். கம்பியில் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஜூல் 1841இல் வெளியிட்ட விதி இது. ஓட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு.

பியூஸ் இங்கேதான் வருகிறது. அது பம்பியைக் காப்பாற்றுவதற்காக வைக்கப்பட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பம்பியைப் பற்றிப் பியூஸுக்குக் கவலையில்லை. சுவருக்குள்ளும் கட்டிலுக்கடியிலும் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிற வயர் தீப்பிடிக்காமல் இருக்க வேண்டும் என்பதே அதன் வேலை. வட அமெரிக்க முறையில் 14ஆம் இலக்க வயருக்கு 15 அம்பியர், 12ஆம் இலக்கத்துக்கு 20, 10ஆம் இலக்கத்துக்கு 30 என்பது 120 வோல்ற் பக்கத்து வழக்கமான எல்லை. இலக்கம் குறையக் குறைய வயர் தடிக்கும். நமது சதுர மில்லிமீற்றர் கணக்கில் அவை சுமார் 2.1, 3.3, 5.3. பியூஸின் அளவைக் கருவியின் அட்டையைப் பார்த்துத் தீர்மானிக்காமல், அந்தச் சுற்றில் உள்ள மிக மெல்லிய வயரைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். பழைய கல்வீடுகளின் பீங்கான் பியூஸ் கட்டையில், வயரிலிருந்து உருவிய செம்பு இழைகளை முறுக்கிப் போடுகிற கைவேலை நம்மிடம் இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு அங்கே பியூஸாக இருப்பது சுவருக்குள் இருக்கும் வயர்தான்.

தட்டைப் பியூஸ்களின் நிறத்துக்கு உலகெங்கும் ஒரே ஒழுங்கு. வெளிர்பழுப்பு 5 அம்பியர், பழுப்பு 7.5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, நிறமற்றது 25, பச்சை 30. சாவகச்சேரியில் ஓடும் வானிலும் ரொறன்ரோவில் நிற்கும் ட்ரெயிலரிலும் நீலம் 15தான்.

பியூஸ் ஒருமுறை உருகினால் முடிந்தது. பிரேக்கருக்குள் இரண்டு காவலர்கள் உண்டு. ஜேர்மனியின் மன்ஹைம் நகரில் ஹூகோ ஸ்டொட்ஸ் 1924இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. இரு உலோகங்களை ஒட்டிய பட்டை, சற்றே மிகையான ஓட்டத்தில் மெல்லச் சூடாகி வளைந்து, பிரேக்கரை விழச் செய்யும் விடுவிப்பைத் தட்டும். குறுஞ்சுற்று ஏற்பட்டால் மின்காந்தம் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் இழுத்துவிடும். நமது வீட்டுப் பலகையில் சி16 (சி வகை, 16 அம்பியர்) என்று எழுதிய பிரேக்கர், 18 அம்பியரில் ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும். 23 அம்பியரைச் சற்றுத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். 160 அம்பியரில் உடனே விழ வேண்டும். 16 என்று எழுதியிருப்பதால் 17இல் விழும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். இன்னொரு வித்தியாசமும் உண்டு. நமது பிரேக்கர் விழுந்தால் கைப்பிடி முழுதாகக் கீழே வரும். வட அமெரிக்கப் பிரேக்கர்களில் பல நடுவழியில் நின்றுவிடும். படத்தில் பார்த்தால் விழுந்ததே தெரியாது. முழுதாக அணைக்கும் பக்கம் தள்ளிவிட்டுத்தான் மீண்டும் ஏற்ற வேண்டும்.

நாம் ட்ரிப் சுவிட்ச் என்று அழைப்பது வேறு சாதனம். அது ஓட்டத்தின் அளவைப் பார்ப்பதில்லை. காலையில் பட்டியை விட்டுப் போன ஆடுகள் மாலையில் அத்தனையும் திரும்பினவா என்று எண்ணுவதைப் போல, உயிர்க்கம்பியில் போன ஓட்டம் நொதுமல் கம்பியில் முழுதாகத் திரும்புகிறதா என்று பார்க்கிறது. நமது வீடுகளில் 30 மில்லி அம்பியர் குறைந்தால் விழும். வட அமெரிக்காவில் ஏறக்குறைய 5 மில்லி அம்பியரிலேயே விழும்; அதோடு அது பலகையில் இல்லாமல் குளியலறைச் சொருகுதுளையிலேயே பொத்தானோடு பதிந்திருக்கும். சமையற்கட்டுச் சொருகுதுளையும் வெளிப்புறத்துச் சொருகுதுளையும் பெரும்பாலும் அதன் பின்னால் தொடுக்கப்பட்டவை. எந்தப் பிரேக்கரும் விழாமல் சொருகுதுளை மட்டும் செத்திருந்தால், முதலில் குளியலறைக்குப் போய் அந்தப் பொத்தானை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

வயரின் நிறத்தை நம்பி இங்கிருந்து ஆலோசனை சொல்வது மட்டும் ஆபத்தானது. நமது பழைய வீடுகளில் கறுப்பு என்றால் நொதுமல். காரில் கறுப்பு என்றால் பற்றரியின் எதிர்முனை. வட அமெரிக்க 120 வோல்ற்றில் கறுப்புத்தான் உயிர்க்கம்பி, வெள்ளை நொதுமல். அதே ட்ரெயிலரின் 12 வோல்ற் பக்கத்தில் கறுப்பு நேர்முனையாகவும் வெள்ளை எதிர்முனையாகவும் இருப்பது சாதாரணம். யாழ்ப்பாணத்துக் கைப்பழக்கத்தோடு அங்கே கறுப்பைத் தொட்டால் என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆகவே சுற்றுகளை அடையாளம் காண நிறத்தைவிட நல்ல வழி, ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பதுதான். முதலில் கம்பத்து இணைப்பைக் கழற்ற வேண்டும். அப்போதும் வேலை செய்பவை எல்லாம் 12 வோல்ற் பக்கம். பற்றரியின் 12 வோல்ற்றை 120 வோல்ற்றாக மாற்றும் இன்வேர்ட்டர் இருந்தால் அதையும் அணைத்திருக்க வேண்டும். பிறகு பியூஸ்களை ஒன்றொன்றாக உருவி, எது நின்றது என்று எழுதிக்கொண்டு அதே இடத்தில் அதே பியூஸைத் திரும்பப் போட வேண்டும். ஒன்றை உருவியும் எதுவும் நிற்கவில்லையென்றால் அது வெற்றிடம் என்று எழுதிவிடக்கூடாது. காஸ் கசிவு அறிவிப்பானைப் போல ஓசையின்றி இருப்பவையும் உண்டு. பிறகு இணைப்பைக் கொடுத்து, மூடியைத் திறக்காமல், பிரேக்கர்களை ஒன்றொன்றாக அணைத்துச் சொருகுதுளைகளில் ஒரு மேசை விளக்கைக் கொண்டு பார்க்கலாம். எழுதும் அட்டையில் கருவியின் பெயரோடு வயரின் தடிப்பையும் எழுதினால், பின்னால் வருபவர் 15இன் இடத்தில் 30ஐப் போடமாட்டார். பலகையில் காணாத பியூஸ்களும் உண்டு: பற்றரியின் நேர்முனைக்கு அருகிலேயே ஒன்று வேண்டும், ஏனென்றால் அதற்கு முன்னால் உள்ள வயரைக் காக்க வேறெதுவும் இல்லை. கன்வேர்ட்டரில் பெரும்பாலும் இன்னும் இரண்டு இருக்கும். பற்றரியைத் தலைமாறிப் பூட்டினால் அவை உருகும்.

கூரையில் சோலார் பூட்டுகிற நமது வீடுகளுக்கும் ஒரு விடயம் பொருந்தும். ஆடலோட்டப் பிரேக்கரை நேரோட்டத்தில் போடக்கூடாது. தொடுமுனைகள் பிரியும்போது எழும் தீப்பொறி, 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 தடவை ஓட்டம் பூச்சியத்தைத் தொடுவதால் தானே அணைய வாய்ப்புண்டு. நேரோட்டத்துக்கு அந்தப் பூச்சியம் கிடையாது. பொறி தொடர்ந்து எரிந்து பிரேக்கரையே உருக்கலாம். நேரோட்டத்துக்கென்று குறித்த பிரேக்கர் சற்று விலை கூடியது. அந்த விலை மிச்சம் பிடிக்கிற இடமல்ல.

பழைய வானுக்குள் கட்டிலும் விளக்கும் பூட்டிக் காரைநகர்க் கசூரினாக் கடற்கரையில் இரவைக் கழிக்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் செம்பு பச்சை பிடித்தால் இணைப்பின் தடை கூடும். அப்போது ஓட்டம் கூடுவதில்லை. ஆகவே பியூஸ் உருகாது, பியூஸைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக்தான் உருகும். மல்டிமீற்றர் கையில் இருந்தால், பம்பி ஓடும்போது பிடிப்பானுக்கு வருகிற வயருக்கும் அதிலிருந்து போகிற வயருக்கும் இடையே அளந்து பாருங்கள். நல்ல இணைப்பில் ஒரு வோல்ற்றின் பத்திலொரு பங்கு அளவே காட்டும். 10 அம்பியர் ஓட்டத்தில் அரை வோல்ற் காட்டினால், அந்தச் சின்ன இடத்தில் 5 வாற் வெப்பம் பிறக்கிறது. பியூஸை விட்டுவிட்டுப் பிடிப்பானை மாற்ற வேண்டும்.