நாம கேட்ட மாரியோ மெட்டே வேறயாம்

டிவி கேம் ஆடி வளந்தவங்கள தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் மாரியோ மெட்ட பாடுவாங்க, நானும் பாடுவேன். அந்த தெம்புலதான் ஒரு ஞாயித்துக்கிழமை லேப்டாப்ப தொறந்து அத ரீமிக்ஸ் பண்ண உக்காந்தேன். ஒரிஜினல போட்டா என்னமோ ஓட்டமா ஓடுது, சவுண்டும் என் காதுல இருக்குற மாதிரி இல்ல. ஃபைல்தான் கோளாறுன்னு ரெண்டு மூணு எடுத்து பாத்தேன், எல்லாம் ஒண்ணுதான். கடைசில பாத்தா ஃபைல் சரி, நான் சின்ன வயசுல கேட்டதுதான் வேற!

இது புரியணும்னா ஜப்பான்ல 1983ல நிண்டெண்டோ விட்ட ஃபாமிகாம்ங்கற கேம் மெஷின் எப்படி பாடுதுன்னு பாக்கணும். சூப்பர் மாரியோ பிரதர்ஸ் (1985) மொத்த கேமே 40 கேபி, அதுல ரெக்கார்டு பண்ண பாட்ட எங்க வெக்கிறது? அதனால கோஜி கோண்டோ போட்ட இசை உள்ள வெறும் குறிப்பாதான் இருக்கு, இந்த ஸ்வரம் இவ்ளோ நேரம்னு. பாடுறது மெஷினுக்குள்ள இருக்குற ரிக்கோ கம்பெனி சிப்பு. அதுக்கு அஞ்சே குரல்.

ரெண்டு பல்ஸ், அதாவது சுவிட்ச டக்கு டக்குனு போட்டு அணைக்குற மாதிரி அலை. ஒரு சுத்துல எவ்ளோ நேரம் ஆன்ல இருக்கணும்னு 12.5, 25, 50, 75 சதவீதம்னு சொல்லலாம். 50ன்னா உள்ள குடைஞ்ச மாதிரி பொள்ளுனு கேக்கும், 12.5ன்னா மூக்கால பாடும், 25க்கும் 75க்கும் காதுக்கு வித்தியாசமே தெரியாது. மூணாவது முக்கோண அலை, பேஸுக்கு, அதாவது அடில கனமா ஓடுற ஸ்வரத்துக்கு, அதுல வால்யூம் கூட்ட குறைக்க வழியே கிடையாது, ஒண்ணு பாடும் இல்லன்னா நிக்கும். நாலாவது இரைச்சல், டிரம்ஸ் எல்லாம் அதுலதான். அஞ்சாவது குட்டி சாம்பிளுக்கு, அதாவது ரெக்கார்டு பண்ண துண்டு சவுண்டுக்கு.

இதுல சவுண்ட் எஃபெக்டுக்குன்னு தனி குரல் இல்லங்கறதுதான் எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம். மாரியோ குதிச்சா துணைக்கு பாடுற பல்ஸ புடுங்கிக்கும், காசு எடுத்தா மெயின் மெட்டு பாடுறதயே புடுங்கிக்கும், பாட்டுல ஓட்டை விழும், ஆனா ஆடுறப்ப நம்ம மூளையே அத ரொப்பிக்கும்.

சரி, வேகம் ஏன் மாறுச்சு? அடுத்த ஸ்வரம் எப்பன்னு கேம் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது டிவில படம் மாறுற ஒவ்வொரு தடவயும், ஒரு தடவ பாக்கும். ஜப்பான் டிவில செகண்டுக்கு 60, நம்மூர்ல இருந்த பால் (PAL) முறை டிவில 50. அதனால 10 செகண்ட் மெட்டு இங்க 12 செகண்ட் ஆகுது. சுருதி மட்டும் பெருசா எறங்காது, ஏன்னா அது ப்ராசசர் கடிகாரத்துல இருந்து வருது, அங்க செகண்டுக்கு சுமார் 17.9 லட்சம் துடிப்பு, நம்ம கைல இருந்த மாதிரி குளோன் மெஷின்ல, அதாவது ஃபாமிகாம பாத்து காப்பி அடிச்சதுல, 17.7 லட்சம், வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்ல. அதோட பல குளோன் சிப்புல 25ம் 50ம் இடம் மாறி கெடக்கும், 50 கேட்டா 25 குடுக்கும். சவுண்டு வேறயா இருந்தது அதனாலதான்.

ரீமிக்ஸ் பண்றவங்களுக்கு இசை இப்படி வெறும் ஸ்வரக் குறிப்பா இருக்குறது ஒரு வரம். கேம்ல இருந்து இசை ப்ரோக்ராம மட்டும் உருவி என்எஸ்எஃப்னு ஒரு ஃபைலா வெப்பாங்க, ப்ளேயர் அந்த சிப்பு மாதிரியே நடிச்சு பாடும், ஒவ்வொரு குரலயும் தனித்தனியா அணைச்சு கேக்கலாம், சினிமா பாட்டுல இதெல்லாம் நடக்குமா. அப்புறம் இருக்கு நெஜமான வேல. மூணு ஸ்வரம் சேந்த கார்டுக்கு குரல் பத்தாதுன்னு சில பேரு ஒரே பல்ஸ்ல அந்த மூணையும் ஃப்ரேமுக்கு ஒண்ணா சுத்த விட்டிருப்பாங்க, கேம் இசை போட்ட டிம் ஃபாலின் மாதிரி ஆளுங்க இதுல கில்லாடி. கிட்டார்ல அத அப்படியே வாசிச்சா வெளங்காது, மூணையும் கோத்து ஒரே கார்டா அடிக்கணும். முக்கோண பேஸ்ல ஏத்த எறக்கமே இல்லாததால பேஸ் கிட்டார் போடுறப்ப எங்க அழுத்தணும்னு நாமளே முடிவு பண்ணிக்க வேண்டியதுதான், நான் மூணு ராத்திரி அதுக்கே செலவழிச்சேன்.

கடைசியா 60 வேகத்துல ஒண்ணு, 50 வேகத்துல பல்ஸ 25க்கு மாத்தி ஒண்ணு, ரெண்டு விதமா செஞ்சு தம்பிக்கு போட்டு காட்டினேன். ரெண்டாவதுதான் ஒரிஜினல் மாதிரி இருக்குன்னு அடிச்சு சொல்றான்.