மிக்ஸியைக் கொஞ்சம் ஓரம் வையுங்க அம்மாயி

10 மாதக் குழந்தை. எடையில் குறைவில்லை, விளையாட்டிலும் குறைவில்லை. "ஏனுங்க டாக்டர், ரெண்டு மாசமா வாயே தொறக்க மாட்டேங்குது. செல்போனைக் காட்டினாத்தான் நாலு வாய் எறங்குது" என்றார் அம்மாயி, அம்மாவைப் பெற்ற பாட்டி. அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர். பகலெல்லாம் குழந்தை அம்மாயியிடம்தான்.

என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். அரிசிம்பருப்புச் சாதம், ராகிக் கூழ், நேந்திரம்பழம். எல்லாமே நல்ல சாப்பாடுதான். ஆனால் எல்லாமே மிக்ஸியில் போய் வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே மடியில் இருந்த குழந்தை, என் மேஜையில் கிடந்த ஒரு காகிதத் துணுக்கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுத்து நேராக வாய்க்குக் கொண்டுபோனது. அம்மாயி பதறிப் பிடுங்கினார். எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. கை தயார், வாயும் தயார். கையில் எதுவும் கொடுக்கத்தான் ஆளில்லை.

6 மாதம் முடிந்து, தலை ஆடாமல் நின்று, லேசாகப் பிடித்தால் உட்காரும் குழந்தைக்குக் கையில் கொடுத்துப் பழக்கலாம். அந்த வயதில் உள்ளங்கையால்தான் அள்ளிப் பிடிக்கும். மூடிய கைக்குள் இருப்பதை வெளியே எடுக்கத் தெரியாது. அதனால் துண்டு பெரியவர்கள் விரல் நீளத்துக்கு இருக்க வேண்டும். பாதி கைக்குள், பாதி வெளியே. ஆவியில் வெந்த அரசாணிக்காயை (மஞ்சள் பூசணி) தோலோடு நீளமாக நறுக்கிக் கொடுத்தால் வழுக்காமல் பிடிக்கும். இட்லியை நீளவாக்கில் அறுத்தும் தரலாம். 9 மாதம் வாக்கில் விரலால் கிள்ளி எடுக்கத் தெரிந்துவிட்டால் சின்னத் துண்டுகள் போதும். அப்போதுதான் நம் சந்தகைக்கு, அதாவது இடியாப்பத்துக்கு, வேலை. ஈரமாகப் பிழிந்து, கொஞ்சமாக உதிர்த்துத் தட்டில் வைத்துவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு இழையாக எடுத்துச் சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் ஆகும். ஆகட்டுமே. வேகவைத்த முட்டை, நன்றாக வெந்த ஈரலில் சின்னத் துண்டு எல்லாம் கொடுக்கலாம். 6 மாதத்துக்கு மேல் தாய்ப்பாலில் கிடைக்கிற இரும்புச்சத்து மட்டும் போதாது.

பதம் பார்க்க ஒரே வழிதான். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்துங்கள், மசிய வேண்டும். மசியாவிட்டால் இன்னும் வேகட்டும்.

"தொண்டையில சிக்கிக்கிச்சுன்னா?" இதுதான் எல்லா அம்மாயிகளின், அப்பத்தாக்களின் கேள்வி. நியாயமான பயம். ஆனால் குமட்டல் வேறு, அடைப்பு வேறு. புதிதாகக் கட்டி உணவு பழகும் குழந்தை முகம் சிவந்து, நாக்கைத் தள்ளி, 'உவ்வே' என்று சத்தம் போட்டு வெளியே கொண்டுவரும். உடம்பு தன்னைத்தானே காத்துக்கொள்கிற வேலை அது; சில வாரங்களில் குறைந்துவிடும். அந்த நேரத்தில் பதறி வாய்க்குள் விரலை விட்டால் வெளியே வருகிற துண்டு உள்ளே போகும். சத்தம் வந்துகொண்டிருக்கும்வரை தொடாமல் கூடவே உட்கார்ந்து பாருங்கள். பயப்பட வேண்டியது சத்தம் வராதபோதுதான். அழ முடியவில்லை, இரும முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் அது அடைப்பு. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையை உடனே முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ இருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி மார்பின் நடுவே 5 அழுத்து. துண்டு வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். பக்கத்தில் இருப்பவர் 108-ஐக் கூப்பிடட்டும். தடுப்பூசிக்கு வரும்போது டாக்டரிடமோ நர்ஸிடமோ கேட்டு இதை ஒருமுறை கையால் செய்து பழகிக்கொள்ளுங்கள். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவரும் பழக வேண்டும்.

கொடுக்கக் கூடாததில் முதலில் கடலைக்காய். வாசலில் காயப்போட்டிருக்கும், அண்ணன் பாசத்தோடு இரண்டு பருப்பை உரித்து வாயில் போட்டுவிடுவான். அரைத்துக் கூழில் கலந்தால் பரவாயில்லை; முழுப் பருப்பு 5 வயது வரைக்கும் வேண்டாம். தேங்காய்ச் சில், பொரி, முழுத் திராட்சை, பச்சைக் கேரட்டும் இதே கணக்குதான். இவ்வளவு சொல்கிற நானே என் மகளுக்கு ஒரு நாள் வேகவைக்காத ஆப்பிள் துண்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போன் பேசத் திரும்பினேன். இருமித் துப்பிவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஆப்பிள் வேகாமல் குழந்தை கைக்கு வந்ததில்லை. ஒரு வயதுக்குள் தேனும் ஆகாது, நாக்கில் தடவக்கூட வேண்டாம். நாட்டுச் சர்க்கரை, அதற்குப் பேர்போன கவுந்தப்பாடியிலிருந்தே வந்தாலும் சர்க்கரை சர்க்கரைதான். 2 வயது தாண்டட்டும்.

இன்னொன்று, இடம். இடுப்பில் தூக்கிக்கொண்டு காக்காய் காட்டியபடி நடக்கும்போது கையில் உணவு கொடுக்கக் கூடாது. படுக்கவைத்தும் கூடாது. தரையில் ஒரு பழைய வேட்டியை விரித்து, நிமிர்ந்து உட்காரவைத்து, எதிரே நீங்களும் ஒரு தட்டோடு உட்காருங்கள். போனை வேறு அறையில் வையுங்கள். ஊட்டுவதை ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம். கரண்டியில் நான்கு வாய் நீங்கள் கொடுங்கள், நடுநடுவே அதுவும் எடுத்துச் சாப்பிடட்டும். முகத்தைத் திருப்பினால் அந்த வேளை முடிந்தது. துரத்திக்கொண்டு போக வேண்டாம். தாய்ப்பால் அதுபாட்டுக்கு 2 வயது வரையும், அதற்கு மேலும்கூடத் தொடரலாம்.

அந்த அம்மாயி மூன்று வாரம் கழித்துத் தடுப்பூசிக்கு வந்தார். குழந்தை சாப்பிடுகிறதா என்று கேட்டேன்.

"அதெல்லாம் திங்குதுங்க. தலையெல்லாம் சந்தகை. எனக்கு எறும்பு பெருக்கித்தானுங்க மாளல."